எட்டரை யூரோ மினெர்வுவா ரெட் வைன், மூணு ராத்திரி குடிச்சு பாத்த கதை

இந்த பாட்டில திறந்த அன்னைக்கு ராத்திரியே ரிவ்யூ எழுதியிருந்தா ரெண்டு ஸ்டார் குடுத்துட்டு போயிருப்பேன், அதுவும் எட்டரை யூரோ தானேன்னு பாவம் பாத்து. நல்ல வேளை அன்னைக்கு தூக்கம் வந்துடுச்சு. மூணு ராத்திரி கொஞ்சம் கொஞ்சமா குடிச்சு முடிச்சிட்டு இப்ப எழுதறேன், மார்க் எங்கயோ ஏறிடுச்சு, முத நாள் நடந்த கூத்துக்கு காரணம் வைன் இல்ல நான்தான்னும் ஒத்துக்கணும்.

சரக்கு என்னன்னா மினெர்வுவா ரெட். தெற்கு ஃபிரான்ஸ், லாங்க்தொக் பக்கம். கர்கசோன்ல இருந்து நர்போன் போற வழில இடது கைப்பக்கம் பாத்தீங்கன்னா தூரத்துல ஒரு மலை வரும், கருப்பு மலைன்னே அதுக்கு பேரு, அந்த மலை அடிவாரத்துல ஆரம்பிச்சு ஓத் ஆறு வரைக்கும் படி படியா எறங்கி வர்ற பூமி பூரா திராட்சைதான். 1985லதான் இந்த ஊர் வைனுக்கு அப்பெலாசியோன் அந்தஸ்து கெடச்சுது, அதாவது எந்த எல்லைக்குள்ள வெளஞ்ச எந்த திராட்சைய எப்படி செஞ்சா இந்த பேர போட்டுக்கலாம்னு சட்டம். நம்ம பக்கம் புவிசார் குறியீடுன்னு சொல்றோம்ல, அதுக்கு அண்ணன் மாதிரின்னு வெச்சுக்கங்க. இதுல ஒரு ரூல் எனக்கு ரொம்ப புடிக்கும், ஒரே ரக திராட்சைல செஞ்சுட்டு மினெர்வுவான்னு ரெட்டுக்கு பேர் வைக்க முடியாது, கலந்தே ஆகணும். என் பாட்டில் பின்னாடி சிரா, கிரெனாஷ், கரினியான்னு மூணு திராட்சை ரகம் போட்டிருந்துச்சு, 2022 அறுவடை, ஆல்கஹால் 13.5 சதவீதம்.

எந்த கம்பெனின்னு கேப்பீங்க. கம்பெனி இல்லங்க, ஒரு கிராமத்து கூட்டுறவு சங்கம், இவங்க கேவ் கோப்பரத்தீவ்னு சொல்றது. அந்த பாட்டில் அவங்க வாசல்ல தவிர வேற எங்கயும் பெருசா கெடைக்காது, அதனால பேர் சொல்லி உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. இதே ஜாதி வைன் எட்டுல இருந்து பத்து யூரோக்குள்ள இங்க எந்த சூப்பர் மார்க்கெட்லயும் நாலஞ்சு நிக்கும், எத பாத்து எடுக்கறதுன்னு கீழ சொல்றேன்.

நாங்க இருக்கறது துலூஸ். ஜூலைல ஒரு சனிக்கெழம வீட்டம்மாவும் நானும் ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தனுமா கெளம்பினோம், கால்வாய் ஓரமா சும்மா போயிட்டு வரலாம்னு. கேவுக்கு போய் சேந்தப்ப மணி பன்னெண்டு அஞ்சு. மூடிட்டாங்க. ரெண்டு மணிக்குதான் தொறப்பாங்களாம், ஃபிரான்ஸ்ல எட்டு வருஷம் இருந்தும் இது எனக்கு மண்டைல ஏற மாட்டேங்குது. மரத்தடில உக்காந்து ரொட்டியும் சீஸும் சாப்ட்டுட்டு ரெண்டு மணிக்கு உள்ள போனோம்.

உள்ள போனதும் என் கண்ணு நேரா பம்ப் மேலதான் போச்சு. நெசமாவே பெட்ரோல் பங்க்ல இருக்கற மாதிரி நாஸிலும் ஹோசும் மீட்டரும், செவுத்துல ரெட், ரோஸே, ஒயிட்னு மூணு. ஊர்க்கார தாத்தா ஒருத்தர் பிளாஸ்டிக் கேன எடுத்துட்டு வந்து டேங்க் ஃபில் பண்ற மாதிரி புடிச்சிட்டு போறார், லிட்டர் ரெண்டு யூரோ சொச்சம். எனக்கு அதுலயே ஒரு அஞ்சு லிட்டர் வாங்கலாம்னு கை அரிச்சுது. கவுன்ட்டர்ல இருந்த மதாம்தான் "இத வாரத்துக்குள்ள முடிக்கறவங்களுக்குதான், நீங்க ரெண்டு பேரா இருந்தா பாட்டில் எடுங்க"ன்னு சொன்னாங்க. ரெண்டு யூரோக்கு விக்க வேண்டியவங்க விக்காம எட்டரை யூரோ பாட்டில கைல குடுக்கறாங்களேன்னு அப்ப சந்தேகப்பட்டேன், வீட்டுக்கு வந்து யோசிச்சா அவங்க சொன்னது சரி, கேன்ல காத்து பூந்தா வைன் கெட்டுடும்.

ஊத்திக் குடுத்தாங்க, ருசி பாத்து துப்பறதுக்கு ஒரு வாளியும் வெச்சிருந்தாங்க. ஃப்ரெண்டு துப்பவே இல்ல. நான் துப்பினேன், ஏன்னா வண்டி ஓட்டறது நான், இங்க ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம்தான் லிமிட், புது லைசென்ஸா இருந்தா 0.2, அதாவது ஒரு கிளாஸ் கூட டேஞ்சர். அந்த சின்ன சிப்லயே நல்லா இருக்குன்னு பட்டுது, ஆறு பாட்டில் அட்டப்பெட்டி ஒண்ணு, 51 யூரோ, தூக்கி டிக்கில போட்டோம்.

இங்கதான் ஆரம்பிச்சுது என் முட்டாள்தனம். வர்ற வழில கர்கசோன் கோட்டைய பாக்கணும்னு வீட்டம்மா சொல்ல, வண்டிய வெயில்ல நிறுத்திட்டு மூணு மணி நேரம் சுத்தினோம். டிக்கிக்குள்ள வைன் வெந்துட்டிருக்குன்னு ஒருத்தருக்கும் தோணல. வீட்டுக்கு வந்தா ஏசி கெடையாது, ஹால்ல 29 டிகிரி. அப்படியே ஒண்ண திறந்து பெரிய கிளாஸ்ல ஊத்தி, ரெட் வைன்னா ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு யாரோ என்னிக்கோ சொன்னத நம்பி குடிச்சோம்.

சகிக்கல. மூக்கு கிட்ட கொண்டு போனாலே ஸ்பிரிட் நெடி. வாய்ல வெச்சா பழைய ஜாம் மாதிரி ஒரு கனம், அப்புறம் நாக்க இழுத்துப் புடிக்கற துவர்ப்பு, தொண்டைல சூடு. வீட்டம்மா ஒரு வாய் குடிச்சிட்டு இருமல் மருந்துன்னு சொல்லி கிளாஸ என் பக்கம் தள்ளி விட்டுட்டாங்க. மிச்சத்த கார்க்க திருப்பி அமுக்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சிட்டு படுத்தேன், சமையலுக்கு ஆகும்னு நெனச்சு.

இந்த ரூம் டெம்பரேச்சர் கதைய கொஞ்சம் சொல்லியே ஆகணும். ஷாம்ப்ரேன்னு ஃபிரெஞ்சுல ஒரு வார்த்த உண்டு, பாதாள அறைல கெடக்கற வைன எடுத்து சாப்பாட்டு ரூம்ல கொஞ்ச நேரம் வெச்சு குளிர் விடறது. ஹீட்டரெல்லாம் வர்றதுக்கு முன்னாடி இருந்த கல்லு வீட்டுல அந்த ரூமே 16, 18 டிகிரிதான் இருக்கும். அந்த கணக்க தூக்கிட்டு வந்து ஜூலை மாசத்து மூணாவது மாடில வெச்சா எப்படி இருக்கும்? சூடு ஏற ஏற ஆல்கஹால்தான் மொதல்ல எழுந்து நிக்கும், பழ வாசனையெல்லாம் அதுக்கு பின்னாடி ஒளிஞ்சிக்கும். இந்த மாதிரி மீடியம் பாடி, அதாவது நடுத்தர கனமான ரெட்டுக்கு 16 டிகிரி கிட்ட போதும். தெர்மாமீட்டர்லாம் வேணாம், குடிக்கறதுக்கு முன்னாடி பாட்டில் தொட்டா ஜில்லுன்னு தெரியற வரைக்கும் ஃப்ரிட்ஜ்ல வெச்சா தீந்துது.

மறுநாள் ராத்திரி. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து ஒரு அரை மணி நேரம் மேஜைல வெச்சிட்டு, சும்மா பாப்போமேன்னு ஊத்தினேன். அதே பாட்டில்தானான்னு லேபிள திருப்பி பாத்தேன் சாமி சத்தியமா.

மொதல்ல வந்தது பழம். கருப்பு பெர்ரி, கொஞ்சம் செர்ரி, நல்லா பழுத்தது ஆனா ஜாம் இல்ல. அதுக்கு பின்னால மிளகு. கற்பனை இல்லங்க, சிரா திராட்சத் தோல்ல ரோட்டன்டோன்னு ஒரு வாசனைப் பொருள் இருக்கு, நம்ம மிளகுக்கு அந்த வாசனைய குடுக்கறதும் அதேதான், 2008ல ஆஸ்திரேலியாக்காரங்க கண்டுபுடிச்சாங்க. வெயில் ரொம்ப அடிச்சா இது கொறஞ்சிடும், அதனால மலை அடிவாரத்துல கொஞ்சம் குளிர்ச்சியா வெளையற சிராவுக்குதான் இது தூக்கலா இருக்கும். இந்த பாட்டில்ல ரொம்ப இல்ல, ரசத்துல கடைசியா தட்டிப் போட்ட மிளகு அளவுக்கு. அதுக்கும் அடியில ஒரு காஞ்ச எல வாசனை, தைம், ரோஸ்மேரி மாதிரி. அந்த பக்கம் திராட்சத் தோட்டத்துக்கு நடுவுல நடுவுல பாறையும் முள்ளுச் செடியுமா புதர்க் காடு இருக்கும், காரிக்னு பேரு, வெயில்ல நடந்து போனா இதே வாசனதான் அடிக்கும். வைன்ல காரிக் வாசன வருதுன்னு எல்லா லேபிள்லயும் எழுதியிருப்பான், நான் பீலா வுடறானுங்கன்னுதான் நெனச்சிட்டிருந்தேன், முந்தின நாள் மத்தியானம் மரத்தடில மோந்த வாசனை இன்னைக்கு ராத்திரி கிளாஸ்ல வந்ததும் கொஞ்சம் அடங்கிட்டேன்.

இப்ப ட்ரை, ட்ரைன்னு சொல்றாங்களே அதுக்கு வருவோம். ட்ரைன்னா இனிப்பு இல்லன்னு அர்த்தம், அவ்ளோதான். ஐரோப்பிய கணக்குல லிட்டருக்கு 4 கிராமுக்குள்ள சக்கர மிஞ்சியிருந்தா ட்ரை, புளிப்பு நல்லா இருந்தா 9 வரைக்கும் விடுவாங்க. நம்மாளுங்க பாதி பேர் வாய் வறண்டு போறதத்தான் ட்ரைன்னு நெனச்சிட்டிருக்காங்க, அது டானின், திராட்சத் தோல்லயும் கொட்டைலயும் இருந்து வர்றது. இங்கிலீஷ்காரன் இத வெளக்க படாத பாடு படறான், நமக்கு எதுக்கு அந்த கஷ்டம், துவர்ப்புன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டு போயிடலாம். நாவல்பழம் தின்னா நாக்கு ஊதா ஆகி ஒரு மாதிரி இழுத்துப் புடிக்கும்ல, அதேதான், அத விட கொஞ்சம் மென்மையா. ரெண்டாவது நாள் இதுல துவர்ப்பு அந்த பதத்துக்கு எறங்கி வந்திருந்துச்சு. காத்து பட்டதும் ஒரு காரணம், ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல கெடந்தாலும் பாதி பாட்டில் காத்துதானே.

மீடியம் பாடின்னா தெளிஞ்ச ரசத்துக்கும் வத்தக்குழம்புக்கும் நடுவுல, வாய்ல கனம் தெரியும் ஆனா உக்காந்துக்காது. முழுங்கினதும் புளிப்பு ஒண்ணு வந்து வாய கழுவி விட்டுடுது, அதனாலதான் அடுத்த வாய்க்கு கை போகுது. குறைன்னா முடிவுதான். முழுங்கி பத்து செகண்ட்ல எல்லாம் காலி, ருசி தங்க மாட்டேங்குது. எட்டரை யூரோக்கு அதையும் கேட்டா அநியாயம்தான், இருந்தாலும் சொல்லணும்ல.

கரினியான பத்தி ரெண்டு வரி. ஒரு காலத்துல லாங்க்தொக் பூரா இந்த கொடியத்தான் நட்டு வெச்சாங்க, காப்பு அவ்ளோ காய்க்கும், ருசி சுமார். அப்புறம் ஐரோப்பிய மானியம் குடுத்து கொடிய புடுங்க சொன்னப்ப ஏராளமா புடுங்கி எறிஞ்சாங்க. தப்பிச்சு நின்ன கெழட்டு கொடியெல்லாம் இப்ப பொக்கிஷம், வயசான கொடி கம்மியா காய்க்கும் ஆனா காய்க்கறதுல சத்து இருக்கும். இத பல பேர் கொத்தோட அப்படியே தொட்டிக்குள்ள போட்டு மூடி, கார்பன் டை ஆக்சைடு நெறச்சு ஒண்ணு ரெண்டு வாரம் விட்டுடுவாங்க, பழம் நசுங்காமலே உள்ளுக்குள்ளயே புளிக்க ஆரம்பிக்கும், அப்ப துவர்ப்பு கம்மியா பழ வாசனை ஜாஸ்தியா வரும். எங்க மதாமும் கரினியான மட்டும் அப்படித்தான் செய்யறோம்னாங்க. ரெண்டாவது நாள் மொதல்ல அடிச்ச அந்த பழ வாசனைல கரினியானுக்கும் பங்கு இருக்கும்னு நெனைக்கறேன்.

அந்த கேவ் கட்டடமே ஒரு பழைய சினிமா கொட்டகை சைஸ்ல இருந்துச்சு, இத்தனூண்டு கிராமத்துக்கு எதுக்கு இவ்ளோ பெருசுன்னு கேட்டப்பதான் 1907 கதைய எடுத்தாங்க. அப்ப இந்த பக்கம் வைன் வெல அடிமட்டத்துக்கு போயிடுச்சு, ஒரு பக்கம் அல்ஜீரியாவுல இருந்து சரக்கு வந்து குவியுது, இன்னொரு பக்கம் சக்கரையும் தண்ணியும் கலந்து டூப்ளிகேட் வைன் வேற. அர்ஷெலியேன்னு இதே மினெர்வுவா ஓரத்துல ஒரு கிராமம், அங்க காபிக்கடை வெச்சிருந்த மார்செலின் ஆல்பேர்னு ஒருத்தர், மார்ச் 11ஆம் தேதி 87 பேர கூட்டிட்டு நியாயம் கேக்க நர்போனுக்கு கெளம்பிட்டார். அந்த 87 பேர் ஜூன் 9ஆம் தேதி மோன்பெலியேல அஞ்சு லட்சத்துக்கு மேல ஆயிட்டாங்க. நர்போன்ல துப்பாக்கிச் சூடு, சாவு. அடக்குறதுக்கு இருந்த 17ஆவது படைப்பிரிவுல நெறைய பேர் உள்ளூர் பசங்க, அவங்களே கலகம் பண்ணிட்டாங்க. ஆல்பேர் பாரீஸ் போய் பிரதமர் க்ளெமான்ஸோவ பாத்திருக்கார், அவரு திரும்பிப் போக ரயில் செலவுக்குன்னு நூறு ஃப்ராங்க் கைல குடுத்துட்டு அந்த கதைய பத்திரிகைக்காரங்க கிட்ட சொல்லிட்டார், ஆல்பேர் பேரு அதோட கெட்டுது. அரசியல் அன்னைக்கும் அப்படித்தான் இருந்திருக்கு. ஜூன் கடைசியில கலப்படத்துக்கு எதிரா சட்டம் வந்துடுச்சு. கூட்டுறவு அதுக்கு முன்னாடியே 1901ல பெசியே பக்கத்துல மராசான்ல ஆரம்பிச்சாச்சு, ஆனா இந்த கலவரத்துக்கு அப்புறம்தான் ஊருக்கு ஊர் இந்த மாதிரி கொட்டகை எழும்புச்சு. நான் எட்டரை யூரோக்கு பேரம் பேசலாமான்னு யோசிச்சிட்டு நின்னேன், இந்த கதைய கேட்டப்புறம் வாய மூடிட்டு கார்ட நீட்டினேன்.

மூணாவது நாள் சாப்பாட்டோட. இதுதான் இதுக்கு சரியான இடம். ஆட்டுக்கறி சாப்ஸ் உப்பு, பூண்டு, ரோஸ்மேரி மட்டும் போட்டு வாட்டினது, கூட வெள்ள பீன்ஸ். கொழுப்பு துவர்ப்ப அடக்குது, வைன்ல இருக்கற புளிப்பு கொழுப்ப அடக்குது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கணக்கு தீத்துக்குது. இதே ஏரியாவுல காஸ்தெல்னோதாரின்னு ஒரு ஊரு, கசூலேன்னு பீன்ஸ், வாத்துக்கறி, சாசேஜ் எல்லாம் மண் சட்டில போட்டு மணிக்கணக்கா வேக வெச்சு செய்வாங்க, அதுக்கும் இந்த மாதிரி ரெட்டுக்கும்தான் ஜோடி.

நம்ம சமையலோட ஒத்துப் போகுமான்னு கேட்டு ரெண்டு பேர் மெசேஜ் பண்ணிட்டாங்க ஏற்கனவே. மெளகா காரம் ஏத்தின குழம்போட வேணாம், ஆல்கஹாலும் துவர்ப்பும் சேந்து காரத்த ரெண்டு மடங்கா காட்டும், குழம்பும் கெடும் வைனும் கெடும். மெளகா கொறச்சு மிளகு போட்டு வறுத்த கறின்னா தாராளமா, சிராவும் மிளகும் சொந்தக்காரங்கதானே. மீனோட நான் குடிக்க மாட்டேன், வாய்ல இரும்பு நக்கின மாதிரி ஆகுது. சைவக்காரங்களுக்கு இன்னொரு விஷயம், ரெட் வைன தெளிய வைக்க சில எடத்துல முட்ட வெள்ளக்கரு போடறது வழக்கம், அதனால உங்களுக்கு அது முக்கியம்னா வீகன் முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க. என் பாட்டில்ல அந்த முத்திரை இல்ல.

கடைல எடுக்கறப்ப நான் பாக்கறது கொஞ்சம்தான். மினெர்வுவான்னு பேர், பக்கத்துல அப்பெலாசியோன்னு இருக்கணும். வருஷம் போட்டிருந்தா குறைஞ்சது 85 சதவீதம் அந்த வருஷத்து திராட்சைன்னு சட்டம், ரெண்டு மூணு வருஷத்துது போதும், இந்த வெலைல பத்து வருஷத்து பாட்டில் கெடச்சா சந்தோஷப்படாதீங்க. ஆ லா ப்ரொப்ரியெத்தேன்னு பாட்டில் அடைச்ச எடம் போட்டிருந்தா தோட்டக்காரரே அடைச்சது, கூட்டுறவும் இத போட்டுக்கலாம், அதனால அரண்மனை படம் இல்லன்னு கூட்டுறவு பாட்டில ஒதுக்காதீங்க. மினெர்வுவா லா லிவினியேர்னு நீளமா பேர் இருந்தா அது இதே ஏரியாவுக்குள்ள ஒரு சின்ன வட்டம், 1999ல தனி அந்தஸ்து வாங்கினது, வெலயும் கனமும் ஜாஸ்தி. ஃப்ரெண்டு ஒண்ணு பதினாலு யூரோக்கு வாங்கினான், குடிச்சு பாத்தேன், ருசி தங்குது, ஒத்துக்கறேன், ஆனா வாரநாள்ல சாப்பாட்டோட குடிக்க எனக்கு அது பாரம். லேபிள் அழகெல்லாம் கணக்குல எடுக்காதீங்க, என்னோடது 1994ல யாரோ கம்ப்யூட்டர் கத்துக்கிட்டப்ப டிசைன் பண்ணின மாதிரி இருந்துச்சு.

துலூஸ்ல ஒரு ரெஸ்டாரன்ட்ல போன வாரம் இதே மாதிரி மினெர்வுவா ஒண்ண கிளாஸ் ஆறு யூரோன்னு குடுத்தாங்க, கிச்சன் பக்கத்து ஷெல்ஃப்ல இருந்து எடுத்து வெதுவெதுன்னு. நான் கொஞ்சம் ஐஸ் வாளி கேட்டேன், ரெட்டுக்கான்னு அந்த பையன் பாத்த பார்வைய சொல்லி முடியாது. பத்து நிமிஷம் வாளில கெடந்தப்புறம் வீட்டம்மாவே என் கிளாஸையும் சேத்து குடிச்சிட்டாங்க.

மார்க் போடணும்னா அஞ்சுக்கு நாலு. ருசி சீக்கிரம் போயிடறதுக்கு அரை, என் கார்க் ரெண்டாவது தடவ அமுக்கறப்ப உதிர்ந்து உள்ள விழுந்ததுக்கு அரை, டீ வடிகட்டி வெச்சு வடிச்சு குடிச்சோம். அட்டப்பெட்டில ஆறு இருந்துச்சு, ஃப்ரெண்டு ஒண்ணு எடுத்துட்டு போயிட்டான், நாங்க இதுவரைக்கும் மூணு காலி பண்ணியாச்சு. மிச்சம் ரெண்டையும் வீட்டம்மா கீழ நிலவறைல சைக்கிளுக்கு பின்னாடி படுக்க வெச்சு, டிசம்பர்ல கசூலே பண்றப்பதான்னு சொல்லி சாவிய எடுத்து வெச்சுக்கிட்டாங்க.